வால்பாறைக்கு எத்தனை லிட்டர்?

ஆம்புலன்ஸில் ஷிப்ட் மாறும்போது ஆக்சிஜன் சிலிண்டரை எண்ணுவதோடு நான் விடுவதில்லை, அழுத்தமானியின் முள்ளைப் பார்ப்பேன். பி டைப் சிலிண்டரின் நீர்க்கொள்ளளவு 10 லிட்டர். நிரம்பியிருந்தால் அழுத்தம் ஏறக்குறைய 150 பார். பெருக்கினால் 1,500 லிட்டர் ஆக்சிஜன். பை வைத்த மாஸ்க்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் விட்டால் 100 நிமிடம் வரும். முள் 50-ல் நின்றால் அரை மணிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். நான் கையெழுத்துப் போடும் செக்லிஸ்ட்டில் இந்தக் கணக்குக்கு இடமில்லை. சிலிண்டர் இருக்கிறதா, டிக்.

வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு 64 கிலோமீட்டர், நடுவே 40 கொண்டை ஊசி வளைவுகள். மூச்சுத் திணறுபவரை வைத்துக்கொண்டு பைலட், அதாவது ஓட்டுநர், விரட்ட முடியாது. இரண்டு மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். 1,800 லிட்டர் வேண்டும். ஒரு பி டைப் வழியிலுள்ள ஆழியாறு தாண்டியதும் தீர்ந்துபோகும். வண்டியில் பொருத்திய டி டைப்பில் 7,000 லிட்டர் பிடிக்கும் என்பது உண்மைதான், அது நிரம்பியிருக்கும் நாளில். சென்னையில் கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலைத் தொடும் வண்டிக்கு இந்தக் கவலையே கிடையாது.

2014-ல் வந்த இந்திய வாகனத் தரமான ஏஐஎஸ் 125 ஆம்புலன்ஸ்களை நான்கு வகையாகப் பிரித்தது: முதலுதவிக்கு ஏ, நோயாளியை ஏற்றிச் செல்ல பி, அடிப்படை உயிர்காப்புக்கு சி, உயர்நிலைக்கு டி. நல்ல வேலை. ஸ்ட்ரெச்சரும் சுழல் விளக்கும் இருந்தாலே ஆம்புலன்ஸ் என்ற நிலைக்கு அது ஒரு முடிவு கட்டியது. தரத்தை அடுத்துத் திருத்தும்போது வண்டியின் வகையோடு பாதையின் நேரத்தையும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. அந்த வண்டி போகும் மிக நீண்ட பயணம் எவ்வளவு நேரம்? அதற்கு இரு மடங்கு ஆக்சிஜன், லிட்டரில் எழுதுங்கள்.

நேரத்தை அளவுகோலாக வைத்தால் வேறு சிலவும் மாறும். முதுகெலும்புக்கான நீளப் பலகையில் அடிபட்டவரைக் கட்டி, மலை முழுக்கக் கொண்டுவருவது சித்திரவதை. அழுத்தத்தில் தோல் புண்ணாகும். தூக்கி ஏற்ற ஸ்கூப் ஸ்ட்ரெச்சர் போதும், பிறகு மெத்தைக்கு மாற்றிவிடலாம். ஆனால் உபகரணப் பட்டியலில் ஏறிய பொருளை இறக்குவது லேசில்லை.

வளைவுகளில் பொருள் பறக்கும். பிரேக் மிதித்தால் இன்னும் மோசம். ஐரோப்பியத் தரமான இஎன் 1789, உள்ளே இருப்பவை 10 ஜி விசையைத் தாங்கும்படி பொருத்தப்பட வேண்டும் என்கிறது. அந்த விசையில் 10 கிலோ மானிட்டர் 100 கிலோவாக இழுக்கும். அதனால் பெல்ட் போட்டு உட்கார்ந்தபடியே சக்‌ஷனும் ஆம்பு பேக்கும் கைக்கு எட்ட வேண்டும். வண்டியிலேயே பிரசவம் ஆகிவிடுவதுண்டு. பச்சைக் குழந்தைக்கான 0, 1 அளவு மாஸ்க்குகளைப் பெரியவர்களுடையதோடு கலந்துபோட்டால் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கடைசியாகச் சிலிண்டர் சாவி. அது இல்லாமல் டி டைப் திறக்காது. எங்கள் பைலட் அதை நைலான் கயிற்றில் சிலிண்டர் கழுத்திலேயே கட்டியிருக்கிறார். புதுப் பட்டியலில் சாவிக்குத் தனி வரி வேண்டும், கயிற்றோடு.