வாங்கிய குதிரையும் வளர்த்த குதிரையும்

குதிரையேற்றத்தில் இன்பம் காண்போர் பலர். அக்குதிரையைப் பிறப்பிலிருந்தே பேணி வளர்த்து, பின்னர் அதன்மேல் ஏறி மகிழ்வோர் மிகச் சிலர். முன்னவர்க்குப் பொருள் இருந்தால் போதும். பின்னவர்க்குப் பொருளோடு பொறுமையும் வேண்டும். இரண்டினுள் பொறுமையே அரிது.

தமிழர் நெடுங்காலமாகக் குதிரையை விலைகொடுத்து வாங்கியவர்கள். கடல்வழியாகப் புரவிகள் காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பொன்னை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயிற்பணிக்குச் செலவிட்ட வரலாற்றை நம் மாணவர் நன்கு அறிவர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அங்கே குதிரைகள் பெரும்பொருளுக்கு வாங்கப்பட்டதையும், பேணும் முறை அறியாமையால் அவற்றுள் பெரும்பாலானவை விரைவில் மடிந்ததையும், அங்குப் பிறந்த குட்டிகள் சவாரிக்கு உதவாமற் போனதையும் எழுதியுள்ளார். குதிரையை வாங்குவது வேறு, வளர்ப்பது வேறு என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இவ்வேறுபாட்டை நான் கண்ணாரக் கண்டது பேராக் மாநிலத்தில், நண்பர் ஒருவரின் சிறிய இலாயத்தில். அவர் பந்தயத்தில் நாட்டம் இல்லாதவர். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் காலை வேளையில் குதிரைமீது அமைதியாகச் சென்று வருவதே அவர்தம் பொழுதுபோக்கு. தம்மிடம் இருந்த பெண்குதிரை ஒரு குட்டி ஈனவேண்டும் என அவர் விரும்பினார். பள்ளி விடுமுறைதோறும் அங்குச் சென்றுவந்த நான், அவ்விருப்பத்தின் விலையைப் படிப்படியாக அறிந்துகொண்டேன்.

பொலிகுதிரைக்குரிய கட்டணம் தொடக்கச் செலவு மட்டுமே. குதிரையின் சினைக்காலம் ஏறக்குறைய 11 மாதம். 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 கிலோ உலர்தீவனம் வேண்டும். 6 முதல் 8 வாரத்திற்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும். நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் தம் பங்குக்கு வரி கேட்கும். ஓயாத மழையில் ஊறிய தரையில் நிற்கும் குதிரைக்குக் குளம்பு அழுகும். சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். வியர்வையால் உடலைக் குளிர்வித்துக்கொள்ளும் அவ்விலங்கிற்கு அது பெருந்துன்பம். இவற்றுக்கும் மேலாக, குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. பூசணம் பிடித்த தீவனம் வயிற்றுவலியாக மூண்டு அதன் உயிருக்கே உலை வைத்துவிடக் கூடும்.

குட்டி பிறந்த இரவில் நானும் உடனிருந்தேன். குதிரைகள் பெரும்பாலும் இரவின் அமைதியிலேயே ஈனுகின்றன. நள்ளிரவு கடந்து குட்டி வெளிவந்தது. ஒரு மணி நேரத்திற்குள், உடலுக்குப் பொருந்தாத நீண்ட கால்களை நாற்புறமும் பரப்பி எழுந்தது, விழுந்தது, மீண்டும் எழுந்தது. தாயின் மடியைத் தேடிச் சீம்பாலைச் சுவைக்கும்வரை நண்பர் ஒரு சொல்லும் பேசவில்லை. அதன் பின்னரே, "இனி நாம் தேநீர் அருந்தலாம், ஐயா" என்றார்.

அன்று தொடங்கியது காத்திருப்பு. எலும்பு முதிராத குட்டியின் முதுகில் ஏறலாகாது. 3 ஆண்டுகள் நிறைந்த பின்னரே அவர் அதற்கு மெல்ல மெல்லச் சேணம் பழக்கினார். சினையான நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 4 ஆண்டுகள்! ஒருநாள் அவர் தம் கணக்கேட்டை என்னிடம் காட்டினார். அத்தொகைக்கு நன்கு பழகிய குதிரைகள் இரண்டை வாங்கியிருக்கலாம்.

"அப்படியானால் ஏன் இந்தப் பாடு?" என்று வினவினேன்.

அவர் விடை கூறாமல் வேலியருகே சென்று நின்றார். தொலைவில் மேய்ந்துகொண்டிருந்த இளங்குதிரை தலை நிமிர்ந்து பார்த்தது. அழைக்காமலேயே நடந்து வந்து அவர் தோளில் முகத்தைச் சாய்த்தது. அதன் வாயில் கடிவாளம் இல்லை. கழுத்தில் கயிறும் இல்லை. நான் மறுமொழி கேட்கவில்லை.

தாய்க்குதிரையை மீண்டும் சினைப்படுத்துமாறு பலர் அவரைத் தூண்டினர். அவர் இசையவில்லை. "எனக்கு வயது 61. குதிரை 25, 30 ஆண்டுகள் வாழும். எனக்குப் பின் இவ்விரண்டையும் காப்பதாக என் மகள் வாக்களித்திருக்கிறாள். மூன்றாவதற்கு யாரிடம் வாக்குக் கேட்பேன்?" என்றார்.

அச்சொல்லின் ஆழம் எனக்கு முழுமையாக விளங்கியது 2024ஆம் ஆண்டில். அவ்வாண்டு அக்டோபர் 5ஆம் நாள் சிங்கப்பூரின் கிராஞ்சித் திடலில் இறுதிக் குதிரைப் பந்தயம் நடந்தது. 1842இல் தொடங்கிய மன்றத்தின் பந்தய வரலாறு அன்றோடு முடிந்தது. பார்க்க வந்த மக்கள் வீடு திரும்பினர். இலாயத்துக் குதிரைகளுக்கோ வேறு புகலிடம் தேடவேண்டியதாயிற்று.

மனிதனின் பொழுதுபோக்கு மாறலாம். விலங்கின் ஆயுள் அதற்கேற்பச் சுருங்குவதில்லை. தன் மகிழ்ச்சிக்காக ஓர் உயிரை உலகிற்கு வருவிப்பவன், அவ்வுயிரின் முதுமைக்கும் பொறுப்பேற்க வேண்டும். தீவனச் செலவை ஏட்டில் எழுதிவிடலாம். இப்பொறுப்பை எந்த ஏட்டிலும் எழுதித் தீர்க்க இயலாது. அதை மனமுவந்து ஏற்பவர்க்கே, வேலியருகே தானே வந்து நிற்கும் குதிரையின் அன்பு உரியதாகும்.