அப்பாவின் கடவுச்சீட்டு

சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் எந்நேரமும் ஒரே பேச்சுத்தான்: அப்பா சவுதி அரேபியாவுக்கு வேலைக்குப் போகிறார்! பீளமேட்டுப் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டும் அவர், ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்.

புதுக் கடவுச்சீட்டை அக்காள் தங்கை நாங்கள் இருவரும் ஆவலுடன் புரட்டினோம். அதில் 'இ.சி.ஆர்.' என்ற முத்திரை இருந்தது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் சவுதி, குவைத், மலேசியா முதலிய 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அரசு அனுமதி பெறவேண்டும் என்பது அதன் பொருளாம்.

"சுற்றுலா விசாவுக்கு அனுமதியே வேண்டாமுங்க. ஏறிடுங்க, அங்கே போய் மாத்திக்கலாம்" என்றார் தரகர் ஒருவர். அப்பாவும் அரைமனதாகத் தலையசைத்தார்.

"ஏனுங்க, நாளைக்கு அங்கே சம்பளம் தரமாட்டேன்னா எந்தக் காகிதத்தைக் காட்டுவீங்க?" என்று அம்மா கேட்டார். வீடே அமைதியாயிற்று.

வேலை விசா, ஒப்பந்தம், 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி என ஒவ்வொன்றாகச் சேர நான்கு மாதங்கள் ஆயின. ஆங்கில ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்துப் பொருள் சொன்னவர்கள் நாங்களே.

விமான நிலையத்தில் அப்பா, "அம்மிணிகளா, நான் படிக்காம விட்ட ஒரு வருஷந்தான் இத்தனை அலைச்சல்" என்றார்.

'இகாமா' என்னும் குடியிருப்பு அட்டையின் படத்தை அவர் அனுப்பிய இரவுதான் அம்மா நிம்மதியாகத் தூங்கினார்.

தோழியரே, பொதுத்தேர்வு நெருங்குகிறது. அப்பா விட்ட அந்த ஒரு வருஷத்தை நாம் எழுதி முடிப்போம்!