வாடகை வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கலாமா?



மதுரையில் வாடகைக்கு விட்டிருக்கும் மூன்று போர்ஷன்களையும் ஒரு பராமரிப்பு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடுங்கள் என்று மகன் ஒரு மாதமாகச் சொல்லி வருகிறான். அதில் நியாயம் இருக்கிறது. எனக்கு வயது 72. மொட்டை மாடித் தொட்டியைப் பார்க்க முழங்கால் விடுவதில்லை. கோவையில் மகள் வீட்டுக்குப் போனால், மோட்டார் ஓடவில்லை என்று போன் வரும். அங்கிருந்தே எலக்ட்ரீஷியனைத் தேட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டுக்கு 8,500 வீதம் மாதம் 25,500 ரூபாய் வருகிறது. அவர்கள் கேட்பது 8 சதவீதம். மாதம் 2,040, ஆண்டுக்கு 24,480. கிட்டத்தட்ட ஒரு மாத வாடகை. வருமான வரியிலும் இதைத் தனியாகக் கழிக்க முடியாது. வாடகையில் வீட்டு வரி போக மீதியில் 30 சதவீதம் கழிவு உண்டு. செலவு கூடினாலும் குறைந்தாலும் அதே 30தான்.

பணத்தைவிட என்னை யோசிக்க வைத்தது ஒப்பந்தத்தில் இருந்த ஒரு வரி. 5ஆம் தேதிக்குள் வாடகை வராவிட்டால் அபராதமாம். பின் போர்ஷனில் இருக்கும் அம்மா தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். பள்ளிக் கட்டணம் கட்டும் ஜூன் மாதத்தில் அவர் வாடகை 20ஆம் தேதிதான் வரும். ஆறு வருடத்தில் ஒரு ரூபாய்கூட நின்றதில்லை. இதெல்லாம் நிறுவனத்துக்குத் தெரியுமா?

பிறகு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தைப் படித்தேன். சொத்து மேலாளரை வைத்துக்கொள்ள அதில் இடம் இருக்கிறது. ஆனால் அவர் யார், எந்தெந்த வேலைக்கு நியமித்திருக்கிறோம் என்பதைக் குடியிருப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும். எந்தெந்த வேலை என்பதை நாம்தானே முடிவு செய்கிறோம்!

எனவே வேலையை இரண்டாகப் பிரித்துவிட்டேன். குழாய், மோட்டார், வெள்ளையடிப்பு, வாடகை ரசீது, ஒப்பந்தம் புதுப்பிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. யாருக்கு வீடு கொடுப்பது, எவ்வளவு ஏற்றுவது, யாருக்குத் தவணை தருவது, யாரைக் காலி செய்யச் சொல்வது என்பதெல்லாம் என் பொறுப்பு. எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒப்புக்கொண்டால் கையெழுத்துப் போடுவேன். இல்லையென்றால் எங்கள் தெரு எலக்ட்ரீஷியனிடமும் பிளம்பரிடமும் மாதம் ஒரு தொகை பேசிக்கொள்வேன். மகனும் சரி என்றுவிட்டான்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு ஊரில் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் மாணவச் செல்வங்களே, ஆள் வைப்பதில் தவறில்லை. கையெழுத்துப் போடுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: அட்வான்ஸ் பணம் யார் கணக்கில் இருக்கும்? குடியிருப்பவருக்கு ஒரு கஷ்டம் என்றால் உங்களிடம் நேரடியாகப் பேச வழி இருக்குமா?

ஏற்கெனவே இப்படி ஆள் வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். எனக்கும் உதவும்.