கைத்துப்பாக்கி என்றொரு சொல்

1990ஆம் ஆண்டு. வெளிநாட்டுச் செய்திப் பக்கத்துக்கு நான் பொறுப்பாக இருந்த காலம். அமெரிக்காவின் எப்.பி.ஐ. தன் உத்தியோகத்தர்களின் ஆயுதத்தை மாற்றுகிறது என்ற செய்தியை அவசரமாகத் தமிழாக்கி அச்சுக்கு அனுப்பினேன். “பழைய கைத்துப்பாக்கிகளுக்குப் பதிலாகப் புதிய கைத்துப்பாக்கிகள் வழங்கப்படும்.”

மறுவாரம் ஓய்வுபெற்ற பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் காரியாலயத்துக்கே வந்துவிட்டார். “தம்பி, பழையது கிழிந்துபோனதாலா புதியது கொடுக்கிறார்கள்?” என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. றிவோல்வர், பிஸ்டல் என்ற இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடைத்து, செய்தியின் உயிரையே நான் போக்கடித்திருந்தேன்.

எப்.பி.ஐ. முகவர்களுக்கு ஆயுதம் தாங்கும் அதிகாரத்தை அமெரிக்க காங்கிரஸ் வழங்கியது 1934இல். அதன்பின் அரை நூற்றாண்டு காலம் அவர்களின் இடுப்பில் இருந்தது பெரும்பாலும் றிவோல்வரே. சுழலும் உருளையில் ஆறு ரவைகள். எண்பதுகளில் பலருக்கு வழங்கப்பட்டது மூன்று அங்குலக் குழலுடைய ஸ்மித் அன்ட் வெசன் 13ஆம் மாதிரி. சிக்கலற்ற ஆயுதம். ஒரு ரவை வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது முன்னே வரும். ஆனால் ஆறும் தீர்ந்தால் உருளையைத் திறந்து, வெற்றுக் கோதுகளைத் தள்ளி, புதியவற்றை இட்டு மூடவேண்டும். பிஸ்டலில் அந்த வேலை இல்லை. மகசினை மாற்றினால் முடிந்தது.

இந்த வேறுபாடு 1986 ஏப்ரல் 11ஆம் திகதி மியாமிக்கு அண்மையில் உயிர்ப் பிரச்சினையாயிற்று. வங்கிக் கொள்ளையர் இருவரை எட்டு முகவர்கள் மடக்கினர். கொள்ளையருள் ஒருவனிடம் ருகர் மினி-14 றைபிள். ஐந்து நிமிடமும் நீடிக்காத அச்சமரில் பெஞ்சமின் குரோகன், ஜெரி டவ் என்ற இரு முகவர்கள் இறந்தனர், ஐவர் காயமுற்றனர். கோர்டன் மக்னீல் என்ற முகவர் தன் ஆறு ரவைகளையும் சுட்டுத் தீர்த்திருந்தார். கையில் காயம். இரத்தமும் தசையும் உருளைக்குள் அடைத்துக்கொண்டதால் அவரால் மீண்டும் ரவை நிரப்ப முடியவில்லை. அந்தக் கணத்தை எண்ணும்போதெல்லாம் என் வாக்கியம் நினைவில் வந்து சுடுகிறது.

ஆயினும் பழி முழுவதையும் றிவோல்வர் மீது சுமத்துவது நியாயமன்று என்பதே என் எண்ணம். றைபிள் ஏந்தியவனின் நெஞ்சுக்குள் ஆரம்பத்திலேயே பாய்ந்து, இதயத்தை எட்டாமல் சற்று முன்னே நின்றுவிட்ட சன்னம் டவ்வின் 9 மில்லிமீற்றர் பிஸ்டலிலிருந்து வந்தது. அதன் பின்னரே அவன் அத்தனை நாசம் செய்தான். இறுதியில், ஒரு கை செயலிழந்த நிலையில் சொட்கனைச் சுட்டு முடித்த எட்மன்டோ மிரெலெஸ், எழுந்து நடந்துபோய் இருவரின் கதையையும் முடித்தது தன் றிவோல்வரின் ஆறு ரவைகளால். கொள்ளையர் றைபிளுடன் திரிபவர்கள் என்பது தெரிந்திருந்தும் இரண்டு சொட்கன்களே அன்று கைவசமிருந்தன என்பதைப் பலர் மெதுவாகவே சொல்கிறார்கள். ஆயுதத்தைக் குற்றஞ்சாட்டினால் அது பதில் சொல்லாது அல்லவா!

1990இல் வந்த புதியது 10 மில்லிமீற்றர் பிஸ்டல். அது நெடுங்காலம் நிலைக்கவில்லை. இடையில் .40 வந்தது. 2016இல் மீண்டும் 9 மில்லிமீற்றருக்கே திரும்பினார்கள், திருந்திய ரவைகளுடன். பழிக்கு ஆளான அளவு மீண்டுவிட்டது, றிவோல்வர் மீளவில்லை.

அந்த ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் அன்று என் மேசையிலிருந்த பசைப் போத்தலை உருளையாகவும், தீப்பெட்டியை மகசினாகவும் வைத்து அரைமணி நேரம் பாடம் நடத்தினார். தேநீர் வரவழைத்தேன். திருத்தம் போடட்டுமா என்று கேட்டதற்கு, “வேண்டாம், அடுத்த முறை சரியாக எழுதுங்கோ” என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். திருத்தம் போடவில்லை. போட்டிருக்க வேண்டும்.