பதியம் வைத்த மல்லிகை

எங்கள் ஒழுங்கையில் பூங்கன்று வளர்க்கும் பெண்கள் ஒன்பது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். யாருடைய செவ்வரத்தை பூத்தது, யாருடைய மிளகாயில் இலை சுருண்டது என்பதுதான் அங்கே பேச்சு. 2010இல் நாங்கள் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தபோது வளவில் பற்றையைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. அயல்வீட்டு அக்கா முறித்துத் தந்த செவ்வரத்தைத் தடிதான் என் முதற்கன்று.

மல்லிகையை மட்டும் நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. கணவரை இழந்தவளுக்கு மல்லிகை எதற்கு என்று ஊர் கேட்கும் என்ற பயம். போன மாரியில் அக்காவே தன் கொடியின் கிளையொன்றை வளைத்து, கணுவின் கீழே தோலைச் சற்றுச் சீவி, பூச்சாடி மண்ணுக்குள் புதைத்து, மேலே கல்லொன்றும் வைத்தார். வேர் விடும்வரை தாய்க்கொடியோடேயே விட வேண்டும். இரண்டு மாதம் பொறுத்துத்தான் வெட்டினோம். தடி நட்டால் பாதி பட்டுப்போகும், பதியம் அப்படியல்ல.

வைகாசியில் முதற்பூ. ஆசையில் படத்தைக் குழுவில் போட்டுவிட்டேன்.

"பூ வைக்க ஏலாத உனக்கு எதுக்கடி இது?" என்று ஒருத்தி எழுதினாள்.

பின்னேரம் வரை தொலைபேசியைத் தொடவில்லை. எடுத்துப் பார்த்தால் குழுவில் அக்காவின் குரல்: "தங்கச்சி, பூத்து முடிஞ்ச கிளையளைக் கத்தரிச்சு விடு. அப்பத்தான் அடுத்தமுறை கூடப் பூக்கும்." வேறொன்றும் அவர் சொல்லவில்லை. மற்றவளும் பிறகு எழுதவில்லை.

கத்தரித்து விட்டேன். நேற்று விடிய ஒரு பூவைப் பறித்துத் தலையில் செருகிக்கொண்டுதான் தேத்தண்ணி ஊற்றினேன். அதைப் படம் எடுக்கவில்லை.