பிரிக்கத் தெரிந்து தைப்பது

தலையணி உறையோ யன்னல் சீலையோ தைப்பிக்க வருகிறவர்களிடம் நிறம், பூ, கூலி எதையும் பேசுவதற்கு முன் நான் ஒன்று கேட்பேன்: "இதை எந்தத் தண்ணியிலை தோய்ப்பியள்?"

இறுப்பிட்டியில் இது கேட்டே ஆகவேண்டிய கேள்வி. புங்குடுதீவில் எத்தனையோ கிணறுகள் உவர். கோடை முற்றினால் நல்ல தண்ணீருக்குப் பவுசரைப் பார்த்திருக்க வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் எடுத்துவைத்தது போக மிஞ்சுவதில்தான் துணி தோய்க்கலாம். உவர்த் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது. தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து சவர்க்காரத்தோடு சேர்ந்து ஒட்டுகிற படிவாகி இழைக்குள் ஏறிவிடும். வெள்ளைத் துணி சில மாதங்களிலேயே சாம்பல் நிறமாவது இதனால்தான். ஆகவே உவரில் தோய்த்தாலும் கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் வேண்டும். உட்துணியோடு சேர்த்துத் தைத்த கனத்த யன்னல் சீலையை அலச எத்தனை வாளி பிடிக்கும் என்று கணக்குப் பார்க்கிற வீட்டுக்காரி அதைத் தோய்க்கவே மாட்டாள். நான் உட்துணியைத் தனியாகத் தைத்து, நாடாவால் மேற்துணியோடு முடிந்துவிடுவேன். இந்த முறை ஒன்று, அடுத்த முறை மற்றது என்று தோய்த்துக்கொள்ளலாம்.

உடம்புக்குத் தைக்கிறவர்கள் ஓர் ஆளின் அளவுக்குத் தைக்கிறார்கள். வீட்டுக்குத் தைக்கிற நாங்கள் மாறிக்கொண்டே இருக்கிற ஒன்றுக்குத் தைக்கிறோம். தொட்டிலில் கிடந்த பிள்ளை கட்டிலுக்குப் போகும், மரயன்னல் இருந்த இடத்தில் அலுமினிய யன்னல் வரும், கதிரை உடைந்து புதுக்கதிரை வரும். துணி இவை எல்லாவற்றையும் தாண்டி இருக்கும். அதனால் வீட்டுக்குத் தைப்பது எதுவும் கழற்றத்தக்கதாக, பிரிக்கத்தக்கதாக, பிரித்தபின் இன்னொன்றாகத் தைக்கத்தக்கதாக இருக்கவேண்டும். இந்த ஒரு விதியை வைத்துத்தான் நான் வேலை செய்கிறேன்.

கடலும் இந்த விதியைத்தான் சொல்கிறது. எங்கள் காற்றில் உப்பு இருக்கிறது. அது துணியில் கண்ணுக்குத் தெரியாமல் படியும். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். பகலில் மொறமொறவென்று நின்ற யன்னல் சீலை இரவில் தொட்டால் நசநசவென்று இருப்பது இதனால்தான். அந்த ஈரத்தில் புழுதி பிடிக்கும், இரும்பு வளையம் கறள் கட்டும். கறள் வெறும் கறையோடு நிற்பதில்லை. பருத்தி இழையையே அரித்து, பட்ட இடத்தில் துணியைப் பொடியாக்கிவிடும். ஆதலால் யன்னல் சீலைக்கு அதே துணியிலேயே காது வைத்துத் தைக்கிறேன். தலையணி உறைக்கு உலோகச் சிப் வைப்பதில்லை. வாய்ப்பக்கத் துணியை ஆறு அங்குலம் கூடுதலாக விட்டு உள்ளே மடித்துவிட்டால் தலையணி வெளியே வராது. இறுகிப்போவதற்கும் கறள் பிடிப்பதற்கும் அங்கே எதுவும் இல்லை.

நூலைப் பற்றிப் பலருக்குத் தலைகீழான எண்ணம் உண்டு. "நல்லாப் பலமான நூலாப் போடுங்கோ" என்பார்கள். மெல்லிய பருத்தித் துணியில் பலமான பொலியெஸ்ரர் நூல் போட்டால், இழுபடும்போது நூல் அறாது, நூல் துணியை அறுக்கும். கிழிந்த துணிக்கு ஒட்டுத்தான் போடவேண்டும். நூல் அறுந்தால் அதே தடத்தில் மறுபடி ஓர் ஓட்டு ஓட்டினால் போதும். எனவே நூல் துணியைவிடச் சற்று மெலிந்ததாக இருப்பதே நல்லது. பருத்திக்கு 50 ஆம் இலக்கப் பருத்தி நூல், அங்குலத்துக்குப் பத்துத் தையல், இதுதான் என் வழக்கம். விறாந்தையில் நாள்முழுக்க வெயில் குடிக்கிற மறைப்புக்கு மட்டும் பொலியெஸ்ரர் நூல் எடுப்பேன். வெயிலில் பருத்தி நூல் சீக்கிரம் இற்றுவிடும்.

மெசின் தையலைப் பிரிப்பது பொறுமைக்கு வைத்த சோதனை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். தையல் எப்படி விழுகிறது என்று விளங்கினால் அது சுலபம். ஐசாக் சிங்கர் தன் தையல் மெசினுக்குக் காப்புரிமை பெற்றது 1851 இல். அவருடைய கொம்பனி 1877 இல் கொழும்பில் கிளை திறந்தது. அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் மெசின்கள் செய்வது ஒன்றைத்தான். மேல்நூல் கீழே இறங்கிப் பொபின் நூலைக் கொளுவிக்கொண்டு மேலே வருகிறது. ஒரு பக்கத்தில் நாலைந்து தையலுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டே போய், மறுபக்க நூலின் நுனியைப் பிடித்து இழுத்தால் அது முழு நீளமாகக் கழன்று வரும். துணியில் கத்தி படவே தேவையில்லை. அரிசிச் சாக்கின் வாயில் இருப்பது சங்கிலித் தையல். சரியான நுனியைக் கண்டு இழுத்தால் முழுவதும் ஒரே இழுவையில் அவிழும். முன்பு கோதுமை மா பருத்திப் பையில் வந்தது. எங்கள் வீடுகளில் அந்தப் பையைப் பிரித்து, எழுத்துப் போகும்வரை தோய்த்து, தலையணிக்கு உட்பை தைத்தார்கள். அமெரிக்காவில் 1930 களில், மாவுப் பையைப் பெண்கள் பிரித்து உடுப்பும் போர்வையும் தைக்கிறார்கள் என்று கண்ட வியாபாரிகள், பையிலேயே பூப்போட்டு விற்றார்கள். பிரிக்கிற பெண்ணை மனத்தில் வைத்துத் துணி வந்த காலம் அது.

யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் பள்ளிப் பாடமாகி இருநூறு வருடத்தைத் தாண்டிவிட்டது. 1824 இல் அமெரிக்க மிசனரிமார் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளியில் எழுத்தோடு ஊசியும் கற்பித்தார்கள். எனக்குச் சொல்லித்தந்த ரீச்சர் முதல் வகுப்பில் ஊசியில் நூல் கோக்க விடவில்லை. பழைய உறைகளைத் தந்து பிரிக்கச் சொன்னார். பிரித்துப் பார்க்கும்போதுதான் எது முதலில் தைத்தது, எது பிறகு, எங்கே இழுபட்டது, தைத்தவள் எவ்வளவு துணி உள்ளே விட்டாள் என்பது தெரியவரும். வெளியே வெளிறிப்போன துணியின் பழைய நிறம் மூட்டுக்குள் அப்படியே இருக்கும். புத்தகத்தில் இல்லாத பாடங்கள் எனக்கு அங்கிருந்துதான் கிடைத்தன.

இலவம்பஞ்சுத் தலையணி இந்த விதிக்கு நல்ல உதாரணம். இலவம் இழை உள்ளே வெறும் குழாய், மேலே மெழுகுப் பூச்சு. அதனால் தண்ணீரை எடுக்காது, மிதக்கும். ஒரு காலத்தில் கப்பலில் உயிர்காப்பு அங்கிகளை அடைத்தது இந்தப் பஞ்சால்தான். ஆனால் தலையின் பாரத்தில் இழை நொறுங்கும், வருடங்கள் போனால் திரளும். ஆகவே உட்பையை நெருங்கிய நெசவுத் துணியில் இரட்டைத் தையலாகத் தைத்து, ஒரு பக்கத்தில் கை போகிற அளவுக்கு மட்டும் இடம்விட்டு, அதைக் கையால் பெருந்தையல் போட்டு மூடுகிறேன். மழை ஓய்ந்து தை வெயில் எறிக்கும்போது அந்தப் பெருந்தையலை உருவிப் பஞ்சை எடுத்து உதறிக் காயவைத்து மறுபடி அடைக்கலாம். எங்கள் காற்றில் பஞ்சு அடுத்த வளவுக்குப் போய்விடும். நுளம்புவலையைக் கட்டி அதற்குள் இருந்துதான் இந்த வேலையைச் செய்யவேண்டும்.

யன்னல் சீலைக்கு அளவெடுக்கப் போகும்போது காற்றையும் பார்க்கவேண்டும். பழைய வீடுகளின் மரயன்னல்கள் சிறியவை. கீழ்ப்பாதியில் ஒரு சுருள்கம்பி கட்டி அரைச்சீலை போட்டால் மறைப்பும் கிடைக்கும், மேலால் காற்றும் வரும். இப்போது வெளிநாட்டுக் காசில் எழும்புகிற வீடுகளில் ஆறடி யன்னல்கள். அதற்கு 45 அங்குல அகலத் துணி மூன்று பாட்டம் வேண்டும். மூட்டுக்கும் ஓரத்துக்கும் போனது போக, யன்னலைப்போல் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு மிஞ்சும். கொசுவம் அழகாக விழ அது போதும். கீழே நாலு அங்குல மடிப்பை இரண்டு தரம் மடித்து அடிக்கிறேன். சோளகம் அடிக்கிற மாதங்களில் சீலை பறந்து விளக்கைத் தட்டாமல் அந்தக் கனம் பிடித்துக்கொள்ளும். நாளைக்கு யன்னல் பெரிதானால் அங்கே எட்டு அங்குலம் ஒளிந்திருக்கிறது. வெட்டுவதற்கு முன் துணியை அந்த வீட்டுத் தண்ணீரிலேயே ஓர் இரவு ஊறப்போட்டுக் காயவைப்பேன். தோய்க்காத பருத்தி நூறு அங்குலத்தில் மூன்று முதல் ஐந்து அங்குலம்வரை சுருங்கும்.

இந்த விதியின் பெறுமதியை எங்களுக்குக் கசப்பாகக் கற்பித்தது 1991. போரால் தீவுப்பகுதிச் சனம் வீடுவாசலை விட்டு வெளிக்கிட்ட வருடம். கட்டில் விரிப்புகள் மூட்டையாயின. நூல்சீலைகள் போன இடத்தில் பிள்ளைகளுக்கு ஏணையாயின. மூலைகளில் நாடா வைத்துத் தைத்த விரிப்புகள் பாடசாலை மண்டபத்தில் ஒரு குடும்பத்துக்கும் மறு குடும்பத்துக்கும் இடையே மறைப்பாக நின்றன. அம்மா மிதிமெசினின் பின்பக்கத்து இரண்டு திருகாணியைத் தளர்த்தி, தோல்பட்டியைக் கழற்றி, தலையை மட்டும் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். இரும்புக் கால் வீட்டிலேயே நின்றுவிட்டது. போன இடத்தில் அந்தத் தலைக்குக் கைப்பிடிச் சில்லுப் பூட்டித்தான் எங்கள் சாப்பாட்டுக்கு உழைத்தார். ஒரு வீட்டுச் சாமானைக் கழற்றி எடுத்துப்போய் இன்னோர் இடத்தில் வேறொன்றாக்க முடியுமா என்று இன்றும் நான் பார்ப்பது அந்த நாட்களின் பழக்கம்.

இப்போது ஆனியில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கும், பிறகு பள்ளி விடுமுறைக்கும் ரொறன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் ஊர்ச்சனம் வரும். குறிகட்டுவானுக்கு வள்ளம் ஏறப் போகிற வழியில் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறப்பார்கள். அலுமாரியில் தாயின் சீலைகள் இருக்கும். அப்படி ஒரு பெண் இரண்டு நூல்சீலைகளைக் கொண்டுவந்து, "அக்கா, அம்மான்ரை சீலை. ஒரு போர்வை தைக்கவேணும், ஆனா வெட்ட எனக்கு மனம் வரேல்லை" என்றாள்.

"வெட்டாமலே தைப்பம் பிள்ளை" என்றேன்.

ஐந்தரை மீற்றர்ச் சீலையை நாலாக மடித்தால் ஏறத்தாழ 54 அங்குலம் வரும், அகலம் 45. அப்படி மடித்த இரண்டைப் பக்கத்தில் பக்கமாகச் சேர்த்தால் ஓர் ஆள் போர்த்துப் படுக்கிற அளவு. நாலு மடிப்பும் நழுவாமல் மூன்று விரல் இடைவெளியில் கையால் ஓடுதையல் போட்டேன். கத்தரிக்கோல் எங்கும் படவில்லை. அவளுடைய மகள் என்றாவது அந்த நூலை உருவினால் அம்மம்மாவின் சீலைகள் இரண்டும் முழுதாக அவள் கையில் இருக்கும்.

வங்காளத்துப் பெண்களின் காந்தாவும் பழஞ்சீலைகளை அடுக்கி ஓடுதையல் போட்டதுதான். அந்தக் காலத்தில் தையலுக்கான நூலைக்கூடச் சீலைக் கரையிலிருந்தே உருவிக்கொண்டார்கள். யப்பானியர் கிமோனோவை ஏறத்தாழ 14 அங்குல அகலத் துணியில் நேர்த்துண்டுகளாகவே வெட்டித் தைப்பார்கள். முன்பு அதைத் தோய்க்க வேண்டுமானால் முழுவதும் பிரித்து, துண்டுகளை நீட்டிக் காயவைத்து, மறுபடி தைப்பது வழக்கம். துணியின் அருமை தெரிந்த ஊர்களில் எல்லாம் தையற்காரிகள் தனித்தனியே இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்து நவீன சந்தையில் தைத்த யன்னல் சீலை என் கூலியைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. வாங்குகிறவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதன் தலைப்பில் அடித்த உலோக வளையத்தைக் கழற்றினால் மிஞ்சுவது ஓட்டை. ஓரத்தில் கால் அங்குலம்தான் விட்டிருப்பார்கள். பிரித்தால் மறுபடி தைக்க இடமில்லை. அது ஒரு யன்னலுக்கு மட்டுமே வாழ்கிற துணி. உள்ளே விட்ட எட்டு அங்குலத்துக்கும், முடிந்துவைத்த நாடாவுக்கும், கையால் போட்ட பெருந்தையலுக்கும் நான் கூலி கேட்பது அந்தத் துணிக்கு இரண்டாவது, மூன்றாவது வாழ்வு இருக்கட்டும் என்றுதான்.

என்னிடம் பழக வருகிற பிள்ளைகளுக்கு ஒரு பழக்கத்தை வற்புறுத்தி வைத்திருக்கிறேன். எந்த உறை தைத்தாலும் அதே துணியில் ஒரு சாண் துண்டை உள்வாய் மடிப்புக்குள் வைத்துத் தைத்துவிடவேண்டும். தனியே எடுத்துவைத்த துண்டு புதுநிறத்திலேயே இருக்கும். ஒட்டுப் போட்டால் பளிச்சென்று தெரியும். உள்ளே வைத்துத் தைத்த துண்டு உறையோடு சேர்ந்தே தோய்ந்து, சுருங்கி, வெளிறும். பத்து வருடம் கழித்துக் கிழிசல் விழுந்தால் ஒட்டுக்கான துணி தயாராக இருக்கும். அதைத் திறக்கப்போகிறவள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அவளுடைய வேலையை இலேசாக்கிவைப்பது இன்று தைக்கிறவளின் கடமை.