பழவேற்காட்டில் பறவை எண்ணுவோர்

பழவேற்காடு ஏரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு சனவரியை ஒட்டி நடக்கிறது. எண்ணுகிறவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள்: கல்லூரி மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், கணினி நிறுவன ஊழியர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள். அனுமதி தருவது வனத்துறை. படகும் அதைச் செலுத்தும் கையும் குப்பங்களுடையவை. இந்த மூன்று தரப்பும் ஒரே காலையில் ஒரே துறையில் கூடினால்தான் நம்பத்தக்க ஓர் எண் தாளில் ஏறும்.

ஏரி என்று வழங்கினாலும் இது கடலோடு கலக்கும் உப்பங்கழி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரியது. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளும் இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. தெற்கில் ஆரணியாறும் வடக்கில் காலாங்கியும் நன்னீர் கொண்டுவருகின்றன. பழவேற்காட்டை ஒட்டிய முகத்துவாரம் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது. வடகிழக்குப் பருவமழையின்போது உப்பு குறையும், கோடையில் கடலையும் மிஞ்சும். சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான்; முழங்கால் அளவே நீர் நிற்கும் பரப்புகள் ஏராளம். பறவைகளை இழுப்பது இந்த ஆழமின்மையே. பூநாரை நீண்ட காலால் சேற்றைக் கிளறி, வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். கூழைக்கடா, நெடுங்கால் உள்ளான், கோட்டான், ஊசிவால் வாத்து, ஆலா, கொசு உள்ளான் என்று ஒவ்வொன்றும் தன் கால் நீளத்துக்கும் அலகுக்கும் ஏற்ற நீரில் இரை தேடுகிறது. அதனால் நீர்மட்டம் ஒரு சாண் மாறினாலும் பறவைகள் இருக்கும் இடம் மாறிவிடும்.

ஆந்திரப் பகுதி 1976-இலும் தமிழ்நாட்டுப் பகுதி 1980-இலும் பறவைகள் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டன. தமிழ்நாட்டுப் பகுதியின் பரப்பு 153.67 சதுர கிலோமீட்டர். தன்னார்வக் கணக்கெடுப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. 1978-இல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி, சென்னையைச் சுற்றிய நீர்நிலைகளைப் பார்த்துப் பதிவுசெய்யும் ஆர்வலர்களை ஒன்றுதிரட்டியது. 1987-இல் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு தொடங்கியது. பல நாடுகளில் தன்னார்வலர்கள் சனவரியில் ஏறக்குறைய ஒரே காலத்தில் எண்ணி, எண்களை ஒரே இடத்தில் சேர்க்கிறார்கள். 2015 முதல் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் நடக்கிறது. விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் அங்கங்கே கண்ட பறவைகளை இ-பேர்ட் தளத்தில் ஏற்றும் இந்த முறை, அனுபவசாலிகளின் வட்டத்துக்கு வெளியேயும் பலரைக் கொண்டுவந்தது. தமிழ்நாடு வனத்துறை தன் பங்குக்கு மாநிலம் முழுவதும் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பை நடத்தி, அதில் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறது.

சரணாலயத்துக்குள் யார் நுழையலாம் என்பதை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரையறுக்கிறது. அதன் 27-ஆம் பிரிவு நுழைவைக் கட்டுப்படுத்துகிறது. 28-ஆம் பிரிவு ஆய்வு, ஒளிப்படம், சுற்றுலா முதலிய நோக்கங்களுக்கு அனுமதி வழங்க இடம் தருகிறது. ஒரு குழுவின் ஒருங்கிணைப்பாளருக்கு வேலை இங்கிருந்தே ஆரம்பம். யார் யார் வருகிறார்கள், எந்தத் துறையிலிருந்து எந்தத் துறைக்குப் போகிறார்கள், எத்தனை படகு, எந்தத் தேதி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கடைசி நேரத்தில் நண்பர்களைக் கூட்டிவரும் பழக்கம் இந்த வேலைக்கு ஆகாது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை வந்தது. உயிர்காப்பு உடையும் ஆள் எண்ணிக்கையும் வெறும் காகித விவகாரமல்ல என்பதை அந்த ஊரில் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வனத்துறையின் கடிதம் பாதி அனுமதிதான். மீதிப் பாதி குப்பங்களில் இருக்கிறது. வெளியூர்க் குழுக்கள் கவனிக்கத் தவறுவதும் பெரும்பாலும் இதைத்தான். கரையிலிருந்து பார்த்தால் ஏரி ஒரே நீர்ப்பரப்பாக, யாருக்கும் சொந்தமில்லாததாகத் தெரியும். குப்பத்து மீனவருக்கோ அது இடம் இடமாகப் பிரிந்து, முறை வைத்து ஆளப்படும் நீர். முகத்துவாரத்தை ஒட்டிய இறால் பிடிப்பிடங்களைக் கோட்டைக்குப்பம், நடுவூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களும் பாடு என்னும் ஏற்பாட்டின்படி நெடுங்காலமாகப் பங்கிட்டு வந்திருக்கின்றன. எந்த ஊர் எந்த நாள் இறங்கலாம் என்பது சுழற்சி. ஊருக்குள் எந்தக் குழு எந்த இடத்தில் வலை கட்டும் என்பது சீட்டு. வரி கட்டும் தலைக்கட்டுக்கே பங்கு. மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து தண்டம் போடும். செபாஸ்டியன் மேத்யூ எழுதி, ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 1991-இல் வெளியிட்ட ஆய்வு, பழவேற்காட்டின் இந்த ஏற்பாட்டை மரபான மீன்வள நிர்வாகத்துக்கு எடுத்துக்காட்டாக விரித்துப் பேசுகிறது. நல்ல இடம் எல்லாருக்கும் ஒரு நாள் கிடைக்கும், கெட்ட இடமும் எல்லாருக்கும் ஒரு நாள் வாய்க்கும் என்பதே அதன் நியாயம். சரணாலய அறிவிக்கையை விடப் பல தலைமுறை மூத்தது அது. அதில் குறையே இல்லை என்றும் சொல்ல முடியாது. தலைக்கட்டு வரிசைக்கு வெளியே நிற்கும் தலித் மீனவர்களுக்கும் இருளர்களுக்கும் அந்த இடங்களில் உரிமை இல்லை. இதன் பேரில் பூசல்களும் நடந்திருக்கின்றன.

ஆகவே எண்ணும் நாளை முடிவு செய்யுமுன் ஊர்ப் பெரியவர்களைக் கேட்பது மரியாதைக்காக மட்டுமல்ல. அன்று யார் முறை, எங்கே வலை நிற்கும், எந்தக் கால்வாய் திறந்திருக்கும் என்ற தகவல் வேறு எங்கும் கிடைக்காது. அண்ணாமலைச்சேரித் துறையிலிருந்து கிளம்பும் குழுவுக்கும் பழவேற்காட்டுப் படகுத்துறையிலிருந்து கிளம்பும் குழுவுக்கும் பாதைகளைப் பிரித்துக் கொடுப்பதே அந்தப் பேச்சில்தான்.

படகு பெரும்பாலும் ஃபைபர் படகு. ஆழமான வாய்க்காலில் இயந்திரம் ஓடும். நீர் வற்றிய இடத்தில் அதைத் தூக்கிக் கட்டிவிட்டுக் கழி ஊன்றித் தள்ள வேண்டும். படகுக்காரரின் திறமை முழுவதும் அந்தக் கழியின் நுனியில் தெரியும். கழி இறங்கும் விதத்தை வைத்தே அவர் தரையை அறிகிறார்: களிமண் என்றால் பிடித்துக்கொண்டு விடாது, மணல் என்றால் நறுக்கென்று நிற்கும், ஆளி ஓட்டுப் படுகை என்றால் கரகரவென்று கைக்கு வரும். ஆளிப் படுகையில் இறங்கித் தள்ள நேர்ந்தால் பாதம் கிழியும் என்பதால் அங்கே படகைத் திருப்பிவிடுவார். எதிரே நீரில் குச்சிகள் வரிசையாகத் தலைகாட்டினால் அது கட்டுவலை. “வலை கிடக்குது சார், சுத்திதான் போவணும்” என்று அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. பறவைக் கூட்டம் நேர் எதிரே நின்றாலும் சுற்றித்தான் போக வேண்டும். இருக்குமிடத்தை அறியக் கைபேசியின் ஜி.பி.எஸ். போதும், திறந்த வெளியில் சில மீட்டர் துல்லியம் கிடைக்கும். ஆனால் அது ஆழம் காட்டாது. கலங்கரை விளக்கம், மாதா கோயில், தெற்கே அனல் மின்நிலையப் புகைபோக்கிகள் ஆகியவற்றை ஒன்றோடொன்று நேர்ப்படுத்தி வாய்க்காலின் திருப்பத்தைச் சொல்லும் கண் படகுக்காரருடையது.

எண்ணும் முறைக்கு வருவோம். ஒருவர் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்வார், மற்றவர் எழுதுவார். பார்ப்பவர் தாளைத் தொடுவதில்லை. ஆடும் படகில் முக்காலித் தொலைநோக்கி உதவாது. மணல் திட்டு கிடைத்தால் இறங்கி நிறுத்துவார்கள், இல்லையேல் இருகண் நோக்கிதான். சிறு கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணலாம். ஆயிரம் தாண்டிய கூட்டத்தில் முதலில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து கண்ணில் எவ்வளவு அகலம் பிடிக்கிறது என்று பார்த்து, அதைக் கொண்டு நூறின் அகலத்தைப் பிடித்து, நூறு நூறாகக் கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போவார்கள். கூட்டத்தின் நடு அடர்த்தியாகவும் ஓரம் கலைந்தும் இருப்பதால் நடுவிலிருந்தே அளவெடுத்தால் எண் வீங்கிவிடும். தேர்ந்தவர்கள் ஓரத்தில் ஒரு முறையும் நடுவில் ஒரு முறையும் அளவெடுக்கிறார்கள். பிறகு இருவர் தனித்தனியே எண்ணி ஒப்பிடுகிறார்கள். எண்கள் வெகுவாக விலகினால் மூன்றாம் முறை. ஒத்துவந்த பிறகும் மதிப்பீடு என்றால் மதிப்பீடு என்றே தாளில் எழுத வேண்டும். 1,000 என்று உருண்டையாக எழுதியதைப் பின்னாளில் படிப்பவர் எண்ணிய எண்ணாக எடுத்துக்கொண்டுவிடக் கூடாது.

பூநாரையில் இரு வகை உண்டு. பெரும்பூநாரையின் அலகு இளஞ்சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு. சிறுபூநாரை உருவத்தில் சிறியது, அலகு முழுவதும் கருஞ்சிவப்பு. குஞ்சுப் பருவம் கடந்த இளம்பறவைகள் சாம்பல் படிந்திருக்கும். அவற்றைத் தனியே குறித்துக்கொண்டால் அந்த ஆண்டு இனப்பெருக்கம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு தடயம் கிடைக்கும். காலை வெயில் எதிரே இருந்தால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும்; அதனால் கதிரவன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி பாதையை அமைப்பது நல்லது.

எண்ணுவதற்காகப் பறவையைக் கலைப்பது இந்தக் கலையில் பெருங்குற்றம். பூநாரைகள் பதறுமுன் அடையாளம் காட்டும். குனிந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிரும், கழுத்துகள் கம்பங்களாக நிற்கும், பிறகு கூட்டம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கும். தலை நிமிர்ந்த உடனே படகை நிறுத்திவிட வேண்டும். நடக்கத் தொடங்கினால் பின்வாங்க வேண்டும். நீரில் ஓடி ஓடி எழும் அந்தப் பறவைக்குப் பறப்பது பெருஞ்செலவு, இரை தேடும் நேரமும் போகும். அழகான பறக்கும் காட்சிக்காகப் படகை விரட்டச் சொல்லும் ஒளிப்பட ஆர்வலரைக் குழுவில் சேர்க்காமலிருப்பதே சரி.

எண்ணுவோரின் வழியில் எதிர்ப்படும் மற்றவர்களும் உண்டு. கழுத்தளவு நீரில் குந்தியபடியே நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள். பனையோலைப் பறியின் விளிம்பைப் பல்லில் கடித்தபடி, அகப்பட்டதை அதில் போட்டுக்கொள்வார்கள். இவர்களுக்கும் உள்ளான்களுக்கும் ஒரே ஆழமற்ற நீர்தான் வயல். எந்த வளைவில் பறவை மிகுதி, எங்கே இந்த ஆண்டு வரவில்லை என்பதை நாள்தோறும் கண்டிருப்பவர்கள் இவர்களே. கணக்குத் தாளில் குறிப்பு என்றொரு பத்தி வைத்து அவர்கள் சொல்வதையும் எழுதிக்கொண்டால், ஒரு காலையின் எண்ணுக்கு ஒரு பருவத்தின் பின்னணி சேரும்.

ஜி.பி.எஸ். கையில் கிடைத்த பிறகு உலகில் பரவிய இன்னொரு தன்னார்வப் பொழுதுபோக்கு ஜியோகேச்சிங். 2000 மே மாதம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு பெட்டியை மறைத்து வைத்து ஆயங்களை அறிவித்ததில் அது பிறந்தது. பெட்டியைத் தேடிக் கண்டவர் உள்ளிருக்கும் ஏட்டில் பெயரெழுதி, பெட்டியை முன்போலவே மறைத்து வைப்பார். ஜியோகேச்சிங் ஆர்வலர் சங்கங்கள் பூங்கா நிர்வாகங்களோடு பழகிப் பழகி வகுத்துக்கொண்ட நெறிகள் பழவேற்காட்டுக்கும் பொருந்துகின்றன: இடத்துக்கு உரியவரிடம் முதலில் கேள், தோண்டாதே, திரும்பும்போது பிறர் போட்ட குப்பையையும் எடுத்துவா. பெட்டி வைப்பது மட்டும் இங்கே கூடாது. ஓதம் ஏறி இறங்கும் சேற்றில் அது நிற்காது, நின்றாலும் தேடுவோரின் காலடி உள்ளான்களின் மேய்ச்சலைக் கெடுக்கும். அமெரிக்க நிலவியல் கழகம் 2004-இல் தொடங்கிய எர்த்கேச் என்னும் வகையில் பெட்டியே இல்லை. இடத்துக்குப் போய் நிலத்தைக் கவனித்து, கேள்விக்கு விடை எழுத வேண்டும். டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டையின் எச்சத்தையும் பழைய டச்சுக் கல்லறையையும் முகத்துவார மணல் திட்டையும் மாணவர்களுக்குக் காட்ட நினைக்கும் குழுவுக்கு அந்த வகை ஏற்றது.

செலவு பற்றியும் சொல்ல வேண்டும். எண்ணுகிறவர் ஊதியம் வாங்குவதில்லை, படகுக்காரர் வாங்க வேண்டும். அவருக்கு அது ஒரு நாள் தொழில் போன நாள். டீசல் காசை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதைச் சேவைக் கணக்கில் எழுதுவது அநியாயம். அறிக்கையில் எண்ணியவர்களின் பெயர்களோடு படகு செலுத்தியவர்களின் பெயர்களும், அவர்கள் இசைந்தால், இடம்பெற வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவில் விண்வெளி ஏவுதளம் இருப்பதால் தொலைநோக்கியும் கருவிகளுமாகச் செல்லும் படகைக் காவலர்கள் நிறுத்திக் கேட்பது இயல்பு. அனுமதிக் கடிதத்தின் நகல் ஒவ்வொரு படகிலும் இருந்தால் அந்தக் கேள்வி ஒரு நிமிடத்தில் முடியும்.

கரை திரும்பியதும் தாள்களை அங்கேயே சரிபார்க்கிறார்கள். தொடங்கிய நேரம், முடித்த நேரம், ஆயங்கள், நீர் ஏற்றமா வற்றா, காற்று, அருகில் இருந்த படகுகள் ஆகியவை இல்லாத எண்ணை அடுத்த ஆண்டு எண்ணோடு ஒப்பிட முடியாது. ஒரு பிரதி வனத்துறைக்கு, ஒன்று ஆசியக் கணக்கெடுப்புக்கு. மூன்றாவதாக எளிய தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் குப்பங்களுக்குப் போக வேண்டும். முகத்துவாரம் தூர்ந்த ஆண்டில் மீனும் பறவையும் எப்படி இருந்தன என்று அரசிடம் பேச நேரும்போது மீனவர்களுக்கு அது கைகொடுக்கும். மாநில எல்லையும் ஒரு சிக்கல். காலையில் அண்ணாமலைச்சேரிப் பக்கம் எண்ணிய கூட்டம் மறுநாள் சூலூர்ப்பேட்டை–ஸ்ரீஹரிகோட்டா சாலையோரம் நிற்கலாம். இரு மாநிலக் குழுக்களும் ஒரே நாளில், ஒரே ஓத நிலையில் எண்ணி, எழுந்து பறந்த கூட்டத்தின் நேரத்தையும் திசையையும் குறித்து, அன்று மாலையே தாள்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இரட்டை எண்ணிக்கையைப் பெருமளவு கழித்துவிடலாம்.